திருகாணிக்குக் கீழே

மாதத்தின் மூன்றாம் செவ்வாய், மாலை ஏழு.
நீச்சல்குளத்தை ஒட்டிய அறையில்
குளோரின் வாடைக்கு நடுவே மூன்று பேர் உட்காருகிறோம்.
சம்பளம் கிடையாது. காப்பி உண்டு, ஆறிப்போனது.

நியூ மெக்சிகோவின் மேட்டு நிலத்தில்
நூற்றுப் பதினான்கு வீடுகள்.
எந்தச் சுவருக்கு எந்த மண்ணிறம்,
எந்த வேலி எத்தனை அடி,
குப்பைத்தொட்டி எத்தனை மணிவரை தெருவில் நிற்கலாம்
என்றெல்லாம் சொல்ல எங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள்
மறுநாளே எங்களைக் கண்டு
நாயை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

நான் வெர்லீன் ஆப்டால். குறிப்பேடு என் பொறுப்பு.
முதல் கடிதம் நினைவூட்டல்.
பதினான்கு நாள் கழித்து இரண்டாவது, புகைப்படத்தோடு.
மூன்றாவதில் எழுபத்தைந்து டாலர்.
யாராக இருந்தாலும் இதே மூன்று, இதே இடைவெளி.
தலைவர் லோவெல் ட்ராஸ்க் ஒருமுறை
தன் கூரையில் தொங்கிய மழைநீர்க்குழாய்க்காகத்
தனக்கே கடிதம் போட்டார், தபால்தலை ஒட்டி.
ஓரவஞ்சனை என்ற சொல்
எங்கள் அறை வாசலைத் தாண்டியதில்லை என்றுதான்
நினைத்திருந்தோம்.

ஃபெர்மின் ட்ருஹியோ மூன்றாம் கடிதத்தோடு வந்தார்.
இன்னொரு கையில் பெயின்ட் டப்பாவின் மூடி.
"ஒன்பதாம் எண். காய்ந்த கோதுமை.
உங்கள் பட்டியலைக் காட்டித்தான் வாங்கினேன்."
சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பலகையின்
ஒன்பதாம் கட்டத்தில் மூடியை வைத்தார்.
மூடி ஒரு படி கருப்பு.
"கண்ணால் பார்க்கிறோமே" என்றார் லோவெல்.
ட்ருஹியோ பதில் சொல்லவில்லை.
மூடியை எடுக்கவும் இல்லை.

எர்லிண்டா பாக்கா அதிகம் பேசுகிறவளல்ல.
எழுந்தாள். கைப்பையில் துழாவி
பத்து சென்ட் நாணயத்தை எடுத்து
பலகையின் திருகாணியைத் திருப்பத் தொடங்கினாள்.
துரு. முக்கினாள். மறுபடி திருப்பினாள்.
வட்டத் தகடு கழன்று மேசைக்கடியில் உருண்டது.

அது இருந்த இடத்தில்
சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம்.
பத்தொன்பது வருட வெயில்
மேற்கு ஜன்னல் வழியே வந்து
தொடாமல் விட்ட ஒரே இடம்.
மூடியை அருகில் கொண்டுபோனாள்.
இரண்டும் ஒன்று.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
காப்பி இயந்திரம் மட்டும் ஒருதரம் செருமியது.

நான் பழைய குறிப்பேடுகளை அள்ளிவந்தேன்.
"நிறம் பொருந்தவில்லை": பதினொரு பேர்.
அத்தனையும் என் கையெழுத்து.
இருவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.
ஹாலி ஸ்ட்ரவுட், எழுபத்தாறு வயது,
வாடகைக்கு ஏணி எடுத்துத் தானே ஏறி
சரியான சுவரைத் தவறான நிறத்துக்கு மாற்றினாள்.
அன்று நான் காரில் போகும்போது
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.
பணத்தைத் திருப்பித் தரலாம், லோவெல் காசோலைப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.
அந்தக் கட்டைவிரலை என்ன செய்வது?

புதுப் பலகை வந்தது. இருட்டு அலமாரியில்,
வாங்கிய தேதி எழுதிய உறைக்குள் வைத்தோம்.
ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது புது விதி.
எவர் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்பது
எர்லிண்டா சேர்த்த வரி.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.
வெளுத்த பலகையோடு அச்சாகப் பொருந்தி
"எடுத்துக்காட்டான வீடு" என்று
ஏழு வருடம் முன்பு நாங்கள் பாராட்டிய சுவர்
என்னுடையது.

அடுத்த செவ்வாய், முதல் பொருள்: ஆப்டால் இல்லம்.
நானே எழுதினேன்; வரி கொஞ்சம் கோணல்.
நம்பி வெளுத்தவர்களுக்கு எவ்வளவு அவகாசம் என்பதையும்
அவர்களே முடிவு செய்யட்டும் என்று
பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தலைகள்.
எர்லிண்டாவின் உதடு அசைகிறது, கேட்கவில்லை.
குளத்துக்குள் விளக்கு எரிகிறது.
நாற்காலி, துண்டு, வேலி, என் புறங்கை,
எல்லாமே நீலம்.
எது எந்த எண் என்று
யாராவது கேட்டால்
சொல்லத் தெரியாது எனக்கு.